உரமில்லாமல் வளர்ந்த வரிசை

அந்த வரிசை வளர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வரிசைகளில் போஞ்சிக்கொடி முழங்கால் உயரத்தில் திணறிக்கொண்டிருந்தபோது, அது மட்டும் கம்பின் உச்சியைத் தொட்டுவிட்டு, இனி எங்கே போவது என்று தெரியாமல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் தளதளவென்று இருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். யாரோ இதற்கு உரம் போடுகிறார்கள்.

உரம் போடாமல் வளர்ப்பதுதான் அந்தப் பரிசோதனையே.

நாட்டுக்கு உரம் வராமல் நின்றுபோன காலத்தில் ஊவா மலைப்பக்கத்தில் மரக்கறி பயிரிட்டவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். குறைந்த பொஸ்பேட்டிலும் வளரக்கூடிய பயிர்களைத் தேடும் வேலைக்கு அதற்குப் பிறகுதான் கொஞ்சம் மதிப்பு வந்தது. நான் அப்போது விவசாயம் படித்துவிட்டு, பதுளையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஓர் ஆய்வில் கள உதவியாளர் வேலை கிடைத்தது.

எங்கள் மலைமண்ணில் பொஸ்பேட் இல்லாமல் இல்லை. மண்ணில் புளிப்பு அதிகம் என்பதால் அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொஸ்பேட்டை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது தண்ணீரோடு நடந்து வேரிடம் வராது. வேர்தான் தேடிப் போய்ப் பிடுங்கி எடுக்க வேண்டும். சில செடிகளுக்கு அது கைவந்த வேலை. வேரை ஆழத்துக்கு விடாமல் மேல்மண்ணிலேயே படரவிடும். வேரில் மயிர் மாதிரித் தூவிகளை நீளமாக விடும். ஒருவித அமிலத்தைக் கசியவிட்டு இரும்பின் பிடியைத் தளர்த்தும். வேரின் தோலில் பொஸ்பேட்டை உள்ளே இழுக்கிற வாசல்களை நிறையத் திறந்துவைக்கும். இதையெல்லாம் அந்தச் செடிக்குச் சொல்லிக்கொடுப்பவை அதன் பரம்பரையலகுகள். எல்லோரும் ஜீன் என்கிறார்களே, அவைதான். அந்த ஜீன்கள் இருப்பதாகத் தெரிந்த நான்கு வகைப் போஞ்சி விதைகள் வெளிநாட்டிலிருந்து சிறு பொதிகளில் வந்திருந்தன. ஊசி போட்டு ஏற்றிய ஜீன் அல்ல; ஒன்றோடொன்று கலந்து, நல்லதைத் தெரிந்தெடுத்து வளர்த்தவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தாவதாக ஒரு சாதாரண உள்ளூர்ப் போஞ்சி தேவைப்பட்டது. பதுளைக் கடைகளில் வாங்கிய விதையில் பூஞ்சண மருந்து பூசியிருந்தது. அது சரிவராது என்று ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் சொல்லிவிட்டார். அதனால் பாத்திக்குக் காவல் இருந்த அக்காவிடமே கேட்டேன். அவர் வீட்டுக்குள் போய், ஒரு கைப்பிடி விதையைச் சேலைத் தலைப்பில் கொண்டுவந்து தந்தார். சாம்பல் நிறத்தில் ஊதாக் கீறல் போட்ட விதை. உறையின் மேல் 'உள்ளூர்' என்று எழுதி ஒட்டினேன். அது தோற்கப்போகிற வரிசை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியும் என்று நினைத்தேன்.

பாத்தி நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு, பல வருஷமாக மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலம். அதன் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்தின் கடைசி வீடு அந்த அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியவர். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பகலில் கொழுந்து பறிக்கப் போவார். காலையிலும் மாலையிலும் எங்கள் பாத்தியைப் பார்த்துக்கொள்வார். காவலுக்கு அவரைப் போட்டது தோட்ட ஆபீஸ்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான், வேறு தோட்டம். அதனால் இங்கே என்னைச் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். விதைப்பதற்கு முன் பதினைந்து வரிசைக்குமான மண்ணைத் துளைத்தெடுத்து, பொலித்தீன் பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதினேன். பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது லயத்து வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"மண்ண எங்க கொண்டு போறீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"கண்டிப் பக்கம் ஆய்வுகூடத்துக்குங்க. போஞ்சிக்கு."

"போஞ்சிக்கு எவனாச்சும் மண்ணப் பையில கட்டுவானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கொஸ்லந்தப் பக்கம் மலை சரிந்து மனிதர்களை மூடிய பிறகு, இந்த மலைகளிலெல்லாம் ஆட்கள் வந்து மண்ணெடுத்தார்கள். சில இடங்களில் லயத்தைக் காலி பண்ணு என்றார்கள். எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. மண்ணைப் பையில் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் அடுத்து ஒரு கடிதம் வரும் என்றுதான் அந்த லயத்தில் நம்பினார்கள். ஒரு இளந்தாரி தன் போனைக் காட்டி, ஜீன் விதை சாப்பிட்டால் பிள்ளை பிறக்காதாமே என்று கேட்டான். நான் விளக்கினேன். தலையாட்டினான். விளைந்தால் சாப்பிடுவீங்களா என்று கேட்டதற்கு, "நீங்க மொதல்ல சாப்பிடுங்க மிஸ்" என்றான்.

காவல் அக்காவும் என்னை நம்பவில்லை. ஆனால் அவர் வாயால் கேட்கமாட்டார். நான் இலை நறுக்கினால் பக்கத்தில் வந்து நிற்பார். நான் கொப்பியில் எழுதினால் எட்டிப் பார்ப்பார். நான் அளந்த கொடியை, நான் போனபின் அவர் தன் கையால் சாணளந்து பார்த்தார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள்.

விதைத்த ஆறாவது கிழமை மேடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல படிப்பு, நேரான மனுஷி, வெய்யிலில் தொப்பி போடாமல் நிற்பார். வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், 'உள்ளூர்' வரிசையில் நின்றுவிட்டார்.

"இது என்ன பிள்ளை?"

"லோக்கல் மேடம்."

"மற்ற ரெண்டு இடத்திலையும்?"

ஐந்து வகையையும் மூன்று மூன்று இடத்தில், மாற்றி மாற்றி விதைத்திருந்தோம். மற்ற இரண்டு இடங்களிலும் உள்ளூர்ப் போஞ்சிதான் உயரமாக நின்றது. பொதியில் வந்த நான்கில் ஒன்று பரவாயில்லை. மற்ற மூன்றும் இலை கறுத்து, சிறுத்து, பேருக்கு நின்றன.

மேடம் அந்த இடங்களையும் பார்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார். ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "மூண்டு இடத்திலையும் ஒரே மாதிரி எண்டால், எந்த வரிசை எதெண்டு தெரிஞ்ச ஆள்தான் கை வைச்சிருக்க வேணும்" என்றார்.

"எனக்கும் காவல் அக்காவுக்கும்தான் தெரியும் மேடம்."

"ஓம். அதைத்தான் சொல்லுறன்." பிறகு, "அது அந்த மனிசியின்ர விதையெல்லோ? தன்ர விதை வெல்ல வேணுமெண்டு ஆசை இருக்கும்தானே. நீரும் தோட்டத்து ஆள். அவையள் உமக்குத்தான் சொல்லுவினம். கவனமாப் பாரும்" என்றார்.

'நீரும் தோட்டத்து ஆள்' என்றது பஸ்ஸில் பதுளை வரைக்கும் என்னோடு வந்தது. என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுகிறாரா? என்மேல் விழுந்ததை இறக்கிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது என்று இப்போது எழுதும்போது ஒத்துக்கொள்ள முடிகிறது. அன்றைக்கு அதற்கு நான் வைத்த பெயர் கடமை.

அடுத்த நாள் விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பாத்திக்கு மேலே டர்பன்டைன் மரங்களுக்குள் நின்று பார்த்தேன். பனி இன்னும் விலகவில்லை. அக்கா கையில் ஒரு வாளியோடு வந்தார். ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து குனிந்து நடந்தார். 'உள்ளூர்' வரிசையில் அதிக நேரம் நின்றமாதிரி எனக்குத் தோன்றியது. நான் விறுவிறுவென்று இறங்கினேன்.

"அக்கா, வாளியில என்ன?"

அவர் திடுக்கிட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க இருந்து வர்றீங்க இந்த நேரத்துல?"

"வாளியில என்னக்கா?"

வாளியை என் காலடியில் வைத்தார். உப்புத் தண்ணீர். அதில் நத்தைகள். நான் அதோடு விட்டிருக்கலாம். கையை விட்டு அடிவரை துழாவினேன். நத்தையைத் தவிர ஒன்றுமில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் பொறுக்குறேன். இல்லாட்டி ஒங்க போஞ்சி ஒண்ணும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்தால் சந்தேகம் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நத்தை ஒரு சாட்டாக இருக்கலாமே என்றுதான் யோசித்தேன். இரண்டு நாள் கழித்து, அக்கா மலையில் கொழுந்து பறிக்கும் நேரம் பார்த்து, லயத்தின் பின்பக்கம் போனேன். அவர் வீட்டுக் கூரையில் தகரம் ஓட்டையான இடத்தில், மழைக்கு மறைப்பாக, தோட்டத்து உரச்சாக்கு ஒன்று விரித்துக் கல் வைக்கப்பட்டிருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தேன். மேடத்துக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் அனுப்பியதால் நான் யார்மேலும் பழி சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படம் மேடத்திடமிருந்து தோட்ட ஆபீசுக்குப் போனது. அந்தக் கிழமையே அக்காவைக் காவலிலிருந்து நிறுத்தினார்கள். காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் நிற்கும்போது, உரச்சாக்கு எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்டார்களாம். வெறும் சாக்கு, எல்லார் கூரையிலும் கிடக்குது என்று அவர் சொன்னாராம். எல்லார் கூரையிலும் கிடந்தது உண்மைதான். நான் அவர் கூரையை மட்டும்தான் பார்த்தேன்.

அதன்பிறகு என்னோடு லயத்தில் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் கேட்டால் குழாயைக் காட்டினார்கள்.

காய் பறிக்கிற பருவத்தில் எல்லா வரிசையிலும் திரும்ப மண்ணெடுத்தேன். இலையும் அனுப்பினேன். முடிவுகள் வந்த அன்று, வாடகை அறையில் கட்டிலில் உட்கார்ந்து போனில் அந்த அட்டவணையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'உள்ளூர்' வரிசைகளின் மண்ணில் பொஸ்பேட் கூடியிருக்கவில்லை. பக்கத்து வரிசைகளைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. இலையிலோ மற்றதைவிட அதிகம். யாராவது உரம் போட்டிருந்தால் மண் காட்டிக்கொடுத்திருக்கும். யாரும் ஒன்றும் போடவில்லை. செடி தானே எடுத்திருக்கிறது.

மறுநாள் தனியே போய் ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியைத் தோண்டினேன். மற்றச் செடிகளை உதறினால் மண் பொலபொலவென்று கொட்டியது. உள்ளூர்ச் செடியை உதறினால் கொட்டவில்லை. ஒவ்வொரு வேருக்கும் மண்ணிலேயே உறை போட்டமாதிரி இருந்தது. தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடித்தேன். தூவிகள். பூனைக்குட்டியின் காது மாதிரி நெருக்கமாக. வேர்கள் கீழே இறங்காமல் மேல்மண்ணில் நாலு பக்கமும் கைவிரித்திருந்தன. படித்த படிப்பெல்லாம் கண்முன்னே கிடக்க, ஆறாவது கிழமையே இதைத் தோண்டிப் பார்க்காமல் ஒரு பெண்ணின் கூரையைப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

மேடத்துக்குச் சொன்னேன். ஜீனைப் பார்க்க இலை அனுப்பச் சொன்னார். சில கிழமைகளில் அழைத்தார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். விதைப் பொதியை மாத்திப் போட்டீரோ?"

"இல்ல மேடம்."

"பொதியில வந்த நல்ல வகையின்ர ஜீன் அடையாளம் உந்த உள்ளூர்ச் செடியிலையும் கிடக்கு."

"விதை நிறமே வேற மேடம். என் கையாலதான் போட்டேன்."

நம்பவில்லை. புதிதாக இலை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இந்தமுறை அவர் குரல் தணிந்திருந்தது. அடையாளம் இருக்கிறது, ஆனால் பொதியில் வந்ததோடு அது அப்படியே பொருந்தவில்லை. பக்கத்தில் வேறு மாற்றங்களும் இருக்கின்றன. ஆய்வுகூடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மாற்றிப் போட்டிருந்தால் இப்படி வராது. உரமே போடாத லயத்துப் பாத்திகளில், காய்த்ததில் நல்லதைப் பிடித்துவைத்துப் பிடித்துவைத்து வந்த விதை. வெளிநாட்டில் தேடிய சாமான் அந்தக் கடைசி வீட்டில் இருந்திருக்கிறது.

"அந்த மனிசியிட்ட இன்னும் விதை இருக்கோ?" என்று மேடம் கேட்டார்.

நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "அக்கா, அந்தப் படத்த எடுத்தது நான்தான்."

"தெரியும்." கத்தியை நிறுத்தவில்லை. "ஆபீஸ்ல காட்டுனாங்க. சாக்கு மட்டுமா இருந்திச்சு? கொடியில நான் காயப்போட்ட உள்பாவாடையும் இருந்திச்சு. அத்தன ஆம்பளைங்க பாத்தாங்க."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு கட்டையைப் பிளந்து முடித்துவிட்டு, "இப்ப என்ன வேணும்? அதச் சொல்லுங்க" என்றார்.

விதையைப் பற்றிச் சொன்னேன். விதை தரச் சம்மதம் வாங்க ஆய்வுகூடத்தில் ஒரு படிவம் தந்திருந்தார்கள். மூன்று பக்கம். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. "தமிழ்ல எழுதிக்கிட்டு வாங்க. முழுசா" என்றார்.

அறைக்கு வந்து எழுதத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில், இந்த விதையிலிருந்து பின்னால் உருவாக்கப்படும் எதன்மீதும் கொடுத்தவருக்கு உரிமை கிடையாது என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் வாசித்தபோது கண்ணில் படாதது, தமிழில் எழுதும்போது கையை நிறுத்தியது. மேடத்துக்குப் போன் போட்டேன். அது எல்லாருக்கும் கொடுக்கிற வழமையான படிவம் என்றார். வாசித்துக் காட்டினேன். "நான் இதைக் கவனிக்கேல்லைப் பிள்ளை" என்றார். கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா? எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆனால் அடுத்த கிழமை அவரே லயத்துக்கு வந்தார்.

அக்கா இந்தமுறை ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டார். மேடம் உட்காராமல் சொன்னார். "நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். அது என்ர பிழை. ஆபீசுக்கும் எழுதிக் குடுத்திட்டன். திரும்பக் காவலுக்கு வாங்கோ."

"காவல் வேணாங்க" என்றார் அக்கா. "நத்த பொறுக்குறதுக்கு வேற ஆளப் பாருங்க."

மேடம் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அக்கா படிவத்தை என்னிடம் தந்து, வெட்டினது அந்த வரிதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, அவளையும் பார்க்கச் சொன்னார். பிறகுதான் உள்ளே போய் விதை கொண்டுவந்தார்.

"இன்னொண்ணு சொல்லிர்றேன். காவல்ல இருந்து நிறுத்தின அன்னிக்கே இந்த வெதய நாலு லயத்துக்கும் குடுத்துட்டேன். மொனராகலையில எங்க சின்னம்மா வீட்டுக்கும் பஸ்ல அனுப்பிட்டேன். எல்லா வீட்லயும் மொளைச்சிருக்கு. நாளைக்கு யாராச்சும் வந்து இது எங்களோடதுன்னு சொன்னா, எத்தன வீட்டுக் கொடியப் பிடுங்குவாங்கன்னு பாப்போம்."

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் திரும்பவும் விதைத்தோம். மழை அதிகமான ஒரு மாதத்தில் இலையில் துருநோய் விழுந்து, உள்ளூர் வரிசை கொஞ்சம் அடிபட்டது. ஆனாலும் பொஸ்பேட் எடுப்பதில் அதை எதுவும் மிஞ்சவில்லை. அறிக்கையில் அக்காவின் பெயரைப் போட மேடம் ஆசைப்பட்டார். நான் போய்க் கேட்டேன்.

"பேரு வேணாம். பேரப் போட்டா அப்புறம் ஒரு ஆள் கடுதாசி எடுத்துக்கிட்டு வாசலுக்கு வரும். லயத்துப் பொம்பளைங்க வச்சிருந்ததுன்னு போடுங்க. அதுதான் உண்ம."

அப்படியே போட்டார்கள். அறிக்கை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோனேன். மாலை நேரம், அக்கா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அந்த வரியைத் தமிழில் சொன்னேன். தோட்டத்து லயப் பெண்கள் பேணிவந்த விதை.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.

"இதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தீங்களா? அடியில சின்ன எழுத்துல ஏதாச்சும் இருக்கும்."

அறிக்கையைத் திருப்பி, அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்புகளை வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் படங்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.